கதிரும் காத்தாடியும்

ஆனி பிறந்தால் குற்றாலத்துக்குச் சாரல். அந்தக் காற்று செங்கோட்டைக் கணவாயைக் கடக்கும்போதே ஈரத்தை மலையில் இறக்கிவிட்டு வருகிறது. சங்கரன்கோவிலைத் தாண்டித் திருவேங்கடம் கரிசலில் வந்து நிற்பது, புழுதியை வாரி முகத்தில் அடிக்கும் வறட்டுக் காற்று. காயவைத்த துணியைக்கூடக் கல் வைத்துத்தான் காப்பாற்ற வேண்டும். சம்சாரிக்குப் பயன்படாத இந்தக் காற்றை மில்காரர்கள் காசாக்கினார்கள். ஊர்க்காரர்கள் 'காத்தாடி' என்று சொல்லும் காற்றாலைகள் பல, நூற்பாலைக் குடும்பங்களின் சொத்து.

ஆலையும் ஆற்றலும் ஒரே கையில் இருப்பது தெற்கத்திச் சீமைக்குப் பழக்கமானதுதான். 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தின் அடிவாரத்தில், விக்கிரமசிங்கபுரத்தில் மில் கட்டக் காரணமே தாமிரபரணி. அங்கே விழும் தண்ணீரின் விசையில் நூல் நூற்கும் கதிர் சுழன்றது. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையத்தில் மில் தொடங்கினார். சிமெண்ட், கூரைத்தகடு, மென்பொருள் என்று பின்னாளில் கிளைவிட்ட அந்த ராம்கோ குழுமம், 1990களில் காற்றாலைக்கும் வந்தது. இப்போது நடப்பது மூன்றாம் தலைமுறை நிர்வாகம்.

இந்த ஏற்பாட்டின் பலத்தை மில் வாசலில் நின்றாலே புரிந்துகொள்ளலாம். கதிர்கள் மூன்று ஷிப்டும் ஓடுகின்றன. பஞ்சுக்கு அடுத்த பெரிய செலவு கரண்டு. பஞ்சு விலை யார் பேச்சையும் கேட்காது. கரண்டுச் செலவையாவது கட்டி வைக்கலாமே என்று நினைப்பது நல்ல கணக்கு. முதல் வருஷமே லாபம் கேட்டு நெருக்காத குடும்ப முதலுக்கு, இருபது வருஷம் ஓடக்கூடிய ஒரு இயந்திரம் பொருத்தமான முதலீடும்கூட.

கோளாறு, காற்று வருஷம் முழுக்க வீசாததில் தொடங்குகிறது. சீசன் மே முதல் செப்டம்பர் வரைதான். உபரி யூனிட்டை மின்வாரியத்தின் கணக்கில் சேர்த்து வைத்து, மார்ச்சுக்குள் எடுத்துக்கொள்ளும் 'பேங்கிங்' வசதி மில்களுக்குக் கிடைத்தது. பெயர் பேங்கிங், ஆனால் வாரியம் கரண்டைக் குதிருக்குள் கொட்டி வைக்க முடியாது. ஆடியில் மலிவாகக் குவிந்ததை, மாசியில் வெளிச்சந்தையில் வாங்கியாவது திருப்பித் தர வேண்டும். 2018இல் பேங்கிங் கட்டணம் 14 சதவீதமானபோது மில்கள் போட்ட சத்தத்தில் நியாயம் இருந்தது. ஆனால் வாரியத்தின் வயிற்றெரிச்சலில் இருந்த நியாயத்தைக் கேட்கத்தான் ஆளில்லை.

வருமானவரிச் சலுகையின் கதை இன்னும் விசித்திரம். காற்றாலை நட்ட முதல் வருஷமே மதிப்பில் பெரும்பகுதியைத் தேய்மானமாகக் கழித்துக்கொள்ள ஒரு காலத்தில் முடிந்தது. தொடக்கத்தில் 100 சதவீதம், பிறகு 80. எத்தனை யூனிட் ஓட்டினாய் என்று அந்தச் சலுகை கேட்கவில்லை. மார்ச் கடைசிக்குள் நட்டுவிட வேண்டும் என்ற அவசரத்தில் எழுந்தவை அநேகம். விளைவு, முதல்தரமான காற்று வீசும் இடங்களை 225, 250 கிலோவாட் சிறு இயந்திரங்கள் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. இன்றைய இயந்திரம் ஒன்று அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் தரும்.

இந்த ஏற்பாடு எல்லோருக்கும் எட்டுவதும் இல்லை. சொந்த உபயோகத்துக்கான மின்நிலையம் என்று பெயர் வாங்க, 2005ஆம் ஆண்டு விதிகளின்படி மின்சாரத்தைப் பயன்படுத்துபவருக்கு அதில் குறைந்தது 26 சதவீதப் பங்கு வேண்டும், குறைந்தது 51 சதவீத மின்சாரத்தை அவரே பயன்படுத்த வேண்டும். கூட்டாகச் சேர்ந்தும் இதைச் செய்யலாம். பல கம்பெனிகள் வைத்திருக்கும் குடும்பத்துக்கு இது கைவந்த கலை. சங்கரன்கோவிலில் வீட்டோடு நாலு விசைத்தறி வைத்திருப்பவருக்கு அல்ல. அவருக்கு இரண்டு மாதத்துக்கு அரசு தரும் 1,000 யூனிட் இலவசம்தான் காத்தாடி.

பங்கு வைத்திருப்பவரும் யோசிக்க இடமுண்டு. ராம்கோ சிமெண்டின் பெரிய பங்குதாரர்களில் ராஜபாளையம் மில்லும் ஒன்று. மில் பங்கை வாங்குகிறவர் நூலோடு சிமெண்டையும் காற்றையும் சேர்த்தே வாங்குகிறார். நூல் சரியும் வருஷத்தில் மற்றவை தாங்கும். ஆனால் எந்தத் தொழில் எதைச் சுமக்கிறது என்பது சுலபத்தில் பிடிபடாது.

2024இல் தமிழக அரசு பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கக் கொள்கை வெளியிட்டது. கரிசலில் நிலைமை வேறு. பெரிய இறக்கைக்கு அகலமான இடம் வேண்டும். ஐந்தாறு சிறு காத்தாடிகளைப் பிடுங்கினால்தான் ஒன்றை நட முடியும். அந்த ஐந்தாறும் ஐந்தாறு முதலாளிகளுடையவை. யார் முதலில் பிடுங்குவது என்ற பேச்சு தொடங்குவதற்குள் அடுத்த ஆனி வந்துவிடுகிறது.