பூபேன் கக்கரின் கடைக்குள் நுழைவது எப்படி?

பூபேன் கக்கரின் ஓவியத்தை முதன்முதலாகப் பார்க்கிறவர்களில் பலர், "இவருக்கு வரையத் தெரியுமா?" என்றுதான் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆட்கள் விறைத்துப்போய் நிற்பார்கள். மேசை ஒரு கோணத்தில் இருந்தால் தரை இன்னொரு கோணத்தில் கிடக்கும். 1934-ல் பம்பாயில் பிறந்த கக்கர் பட்டயக் கணக்காளர். 1960-களில் பரோடாவுக்குப் போய்ப் பல்கலைக்கழகத்தில் அவர் படித்ததுகூட கலை விமர்சனம்தான். வரைவதைத் தானாகவே கற்றுக்கொண்டார். வயிற்றுப்பாட்டுக்குக் கணக்கு எழுதினார்.

ஆகவே கைகால் அளவு சரியா என்று பார்ப்பதை விட்டுவிட்டு அறையிலிருந்து தொடங்குங்கள். முகத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

1972-ல் வரைந்த 'ஜனதா வாட்ச் ரிப்பேரிங்' ஓவியத்தை எடுத்துக்கொள்வோம். கடைக்காரரைச் சுற்றிக் கடிகாரங்கள். எதுவும் நிழலில் மங்கிப்போவதில்லை. அருகில் இருப்பது, தள்ளி இருப்பது என்று பேதம் பார்க்காமல் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே அளவு கவனம். கை வராததால் மட்டும் இப்படி ஆகிவிடவில்லை. அவரைப் போலவே தானாகக் கற்ற பிரெஞ்சுக்காரர் ஆன்ரி ரூசோ, நம்மூர்ச் சிற்றோவியங்கள், பஜார் காலண்டர்கள் என்று தேடிப் பார்த்துப் பொறுக்கிய பாணி இது. காலண்டர் படத்தின் பளீர் நிறங்களை மட்டமான ரசனை என்று மற்றவர்கள் ஒதுக்கிய காலத்தில், கக்கர் அதையே கூச்சமின்றிக் கையாண்டார்.

கடிகாரக்காரர், தையல்காரர், முடிதிருத்துபவர், உதவிக் கணக்கர். தெய்வமும் அரசரும் கிராமத்துப் பெண்களும் இடம்பிடித்திருந்த இந்திய ஓவியத்தில் இந்த நடுத்தர நகரத்து ஆட்களுக்கு அதிகம் இடம் இருந்ததில்லை. கக்கர் அவர்களைக் கிண்டல் செய்கிறாரா, நேசிக்கிறாரா? இரண்டும்தான் என்பேன். அறையைச் சுற்றிவிட்டு இப்போது முகத்துக்கு வாருங்கள். போட்டோவுக்கு உட்கார்ந்தவரின் முகம் போல, எதையும் சொல்லாது. அவருக்காகப் பொருள்கள்தான் பேசுகின்றன.

1975-ன் 'பிளாஸ்டிக் பூங்கொத்து ஏந்திய மனிதர்' ஓவியத்தில் நடுவில் பெரிய ஆள், ஓரங்களில் வீட்டுக் காட்சிகள் பொடிப்பொடியாக. நாத்துவாரா கோயில் மரபுக் கிருஷ்ணர் படங்களில் மூர்த்தியைச் சுற்றிச் சிறு கட்டங்கள் வருமே, அதே அமைப்பு. மூர்த்தி இருக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் பூவோடு ஒருவர்! 1979-ல் வரைந்த இங்கிலாந்து மதுக்கடை மனிதருக்கும் ஓரத்தில் தனியறைக் காட்சிகள் உண்டு. அவரது தனிமை முழுவதும் அங்கேதான்.

1981-ன் 'எல்லாரையும் திருப்திப்படுத்த முடியாது' ஓவியத்தில் ஆள் பால்கனிக்கு வந்துவிடுகிறார், உடையின்றி, நமக்கு முதுகைக் காட்டியபடி. கீழே, ஊர் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலைக்கழிந்த தகப்பனும் மகனும் கழுதையும் போகிற பழைய கதை. தன் ஓரினச்சேர்க்கை விருப்பத்தை கக்கர் வெளிப்படையாகச் சொன்ன ஓவியம் இது. ஊர் என்ன சொல்லும் என்ற பயத்துக்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடைக்காது.

2016-ல் லண்டன் டேட் மாடர்னில் அவரது பெரிய கண்காட்சி நடந்தபோது அங்குள்ள விமர்சகர் ஒருவர் கடுமையாகச் சாடினார். இங்கிருந்து பலர் பதிலுக்குப் பொங்கினார்கள். எனக்கு அந்தச் சண்டையில் அக்கறை இல்லை; ஓவியத்தை எப்படிப் பார்ப்பது என்பதில்தான்.

கழுதை ஓவியம் ஏறக்குறைய ஐந்தே முக்கால் அடிச் சதுரம். கைபேசித் திரையில் ஓரக் காட்சிகள் புள்ளியாகிவிடும். பெரிதாக்கி ஒவ்வொரு மூலையாகப் பாருங்கள். பூங்கொத்து மனிதர் தில்லி தேசிய நவீன கலைக்கூடத்துத் தொகுப்பில் இருக்கிறார். காட்சிக்கு வைத்திருக்கும்போது போக வாய்த்தால், முதலில் ஓரங்கள், பிறகு நடு.