‘உங்க காது சின்னதுங்க’

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடை. வாங்கி நான்கு நாளே ஆன ஹெட்செட்டைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். காதில் நிற்கவில்லை, அரை மணி நேரத்தில் வலிக்கிறது, பாட்டில் பேஸே கேட்கவில்லை என்று மூன்று குறைகளைச் சொன்னேன். கடைக்காரர் ஹெட்செட்டைப் பார்க்கவில்லை. என் காதைப் பார்த்தார். “உங்க காது சின்னதுங்க மேடம். பீஸ்ல கம்ப்ளைன்ட் இல்ல” என்றார்.

எதுவும் பேசாமல் திரும்பி வந்துவிட்டேன். வழியெல்லாம் காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அளவெடுத்துத் தைத்த ஜாக்கெட் பிடித்தாலும் நம் உடம்பைத்தானே குறை சொல்லிப் பழகியிருக்கிறோம்! நான் சொன்ன மூன்றும் மூன்று குறைகள் அல்ல, ஒரே குறைதான் என்று புரிய எனக்கு இரண்டு வருடங்கள் ஆயின.

பெண் தொழிலாளர்களின் பேட்டிகளைக் கேட்டு எழுத்தாக்குவது என் வேலை. ஒரு மணி நேரப் பேட்டியை எழுத ஐந்தாறு மணி நேரம் காதில் ஹெட்செட் இருக்க வேண்டும். காதுத் துளைக்குள் ரப்பர் முனை நுழைகிற வகையைச் சொல்கிறேன். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் ஹெட்செட் என்றுதான் பெயர். அந்த மாற்றித் தராத ஹெட்செட்டோடு, பீடி சுற்றும் ஓர் அக்காவின் பேட்டியை எழுதினேன். மகளின் பிரசவச் செலவுக்குத் தாலிக்கொடியை என்ன செய்தார் என்று சொல்லும் இடம். மேலே ஃபேன், தெருவில் ஆட்டோ. “வச்சுட்டேன்” என்று காதில் விழுந்தது, அப்படியே எழுதினேன். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டியபோது கையை நீட்டித் தடுத்தார். “வச்சிருந்தா மீட்டிருப்பேனேம்மா. வித்துட்டேன்.”

அடகு வைத்ததற்கும் விற்றதற்கும் நடுவே ஒரு பெண்ணின் வாழ்க்கை இருக்கிறது. அதை நான் தவறவிட்டிருந்தேன். ஹெட்செட்டை எப்படி மதிப்பிடுவது என்று அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன்.

அடிப்படை எளிமையானது. இந்த ஹெட்செட்டுகள் பலவற்றில் ஒலி எழுப்பும் சவ்வு ஒரு சென்டிமீட்டர் அகலம்தான் இருக்கும். மேசைமேல் வைத்தால் கொசு ரீங்காரம்போல் கேட்கும் அது, காதுக்குள் தவில்போல் அதிர்கிறது. சவ்வுக்கும் செவிப்பறைக்கும் நடுவிலுள்ள சிறிய காற்றறை மூடியிருப்பதே காரணம். ரப்பர் காதுக்குழாயின் சுவரோடு ஒட்டாமல் சின்ன இடைவெளி விட்டாலும் பேஸ் முதலில் வெளியேறிவிடும். கீச்சென்ற மேல்ஒலி மட்டும் மிஞ்சும். அதே இடைவெளி வழியாக ஃபேனும் ஆட்டோவும் உள்ளே வரும். நாம் வால்யூமைக் கூட்டுவோம்.

என் காதில் நடந்தது இதுதான். ஹெட்செட்டின் உடல், அதாவது ஷெல், என் காதுமடல் குழியைவிடப் பெரியது. அது குழியின் விளிம்பில் முட்டியது, அதனால் வலி. முட்டியதால் குழல் கோணலாக நின்றது, அதனால் நழுவல். நழுவியதால் பேஸ் இல்லை. நான் கூட்டிய வால்யூம் இரவில் படுத்தபின் ‘ங்ஙொய்’ என்ற சத்தமாகக் காதில் மிஞ்சியது. 80 டெசிபல் ஒலியைப் பெரியவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும்: 83 என்றால் 20 மணி நேரம், 86 என்றால் 10. வேலைக்காகவே நாள் முழுவதும் கேட்பவளுக்குப் பொருத்தம் என்பது சொகுசு அல்ல. செவியைக் காப்பாற்றும் விஷயம்.

சரி, யாருடைய காதை வைத்து இவற்றைச் சோதிக்கிறார்கள்? ஆய்வகங்களில் கெமார் என்றொரு பொம்மை உண்டு. 1972-இல் அறிமுகமானது. தலையும் மார்பும் கொண்ட அதன் காதுக்குள் மைக் இருக்கும். தலையையும் உடலையும் ஆண், பெண் இருபாலரின் சராசரியில் வடித்தார்கள். அதன் காதுமடலோ சிறியது, பெரியது என்று தனித்தனியாகக் கிடைக்கிறது. பெரியது அமெரிக்க, ஐரோப்பிய ஆண்களுக்கு நெருக்கமானது. சிறியது அந்நாட்டுப் பெண்களுக்கும், ஜப்பானியரில் இருபாலருக்கும் நெருக்கமானது என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். ஆக, காது ஒரே அளவில் இல்லை என்பது இந்தத் துறைக்குத் தெரியாத ரகசியம் அல்ல. பெண்களின் காதுக்குழாய் சராசரியாக ஆண்களுடையதைவிடச் சிறியது என்பதும் தெரிந்ததே.

தெரிந்தும் என்ன தருகிறார்கள்? பெட்டிக்குள் சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்று ஜோடி ரப்பர். ஷெல் ஒன்றே, குழலின் தடிமன் ஒன்றே. ஜாக்கெட்டை ஒரே அளவில் தைத்துவிட்டு மூன்று அளவில் கொக்கி கொடுப்பதைப் போன்றது இது. ரப்பரிலாவது தாராளம் உண்டா? ஆப்பிளின் ஏர்பாட்ஸ் ப்ரோ 2019-இல் மூன்று அளவு ரப்பரோடு வந்தது. நான்காவதாக இன்னும் சிறிய அளவு 2022-இல்தான் சேர்ந்தது. அந்த மூன்று வருடங்களில் யாருடைய காதும் சுருங்கிவிடவில்லை. சிறிய காதுகள் முன்பே இருந்தன.

மெல்லியதாகச் செய்யவே முடியாது என்றும் சொல்ல முடியாது. செவித்திறன் ஆய்வாளர் மீட் கில்லியனின் எடிமோட்டிக் நிறுவனம் 1991-இல் கொண்டுவந்த இஆர்-4 மிக மெல்லிய உடல் கொண்டது. அதன் மூன்றடுக்கு ரப்பர் ஆழமாக உள்ளே போகும். அது எல்லோருக்கும் ஒத்துவராது. ஆனால் நல்ல ஒலிக்குத் தடித்த ஷெல் கட்டாயம் அல்ல என்பதற்கு அது போதுமான சாட்சி.

ஒலியின் சுவைக்கும் ஓர் அளவுகோல் உண்டு. ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ் குழுவினர் பலரிடம் சோதித்து, பெரும்பாலோருக்குப் பிடிக்கும் ஒலிச்சமநிலை இது என்று ஒரு கோட்டை வரைந்தார்கள். இன்று பல மதிப்புரைகள் அந்தக் கோட்டை ஒட்டியிருந்தால் மதிப்பெண் போடுகின்றன, விலகினால் குறைக்கின்றன. அதே குழுவின் ஆய்வில், பெண்களும் வயதானவர்களும் சராசரியாகச் சற்றுக் குறைந்த பேஸையே விரும்பினார்கள் என்பதும் இருக்கிறது. அந்த வரி மதிப்புரைகளில் வருவதே இல்லை. இதைப் பிடித்துக்கொண்டு பெண்களுக்குப் பேஸ் பிடிக்காது என்று யாரும் கிளம்ப வேண்டாம். பறை அடித்தால் எனக்கு நெஞ்சு அதிர வேண்டும். சராசரி என்பது தீர்ப்பு அல்ல. ஆண்களின் விருப்பமும் தீர்ப்பு அல்ல என்பதுதான் நான் சொல்வது.

மதிப்புரைகள் தவறாமல் புகழும் இன்னொரு குணம், வெளிச்சத்தம் கேட்காமல் அடைப்பது. வீட்டில் வேலை செய்யும்போது எனக்கு அது வரம். இரவு ஒன்பதரை மணிக்குப் பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது அதே குணம் ஆபத்து. பின்னால் வரும் பைக்கின் வேகம் குறைவது எனக்குக் கேட்டாக வேண்டும். அதனால் ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொள்கிறேன். என் தோழிகள் பலரும் அப்படித்தான். ஒற்றைக் காதில் பாட்டு எப்படி இருக்கும் என்று எந்த மதிப்புரையும் எழுதி நான் படித்ததில்லை. பாட்டில் பாதி வாத்தியங்கள் மற்றக் காதில் போய்விடும். ஃபோனில் ‘மோனோ’ என்றொரு அமைப்பு உண்டு. போட்டுக்கொண்டால் இரண்டு பக்கமும் ஒரே காதில் வரும். சிலர் பாட்டே போடாமல் வெறும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பயணம் செய்வதும் எனக்குத் தெரியும். யாரும் பேச்சுக் கொடுக்காமல் இருக்க அது ஒரு வேலி. அதற்கும் எங்கும் மதிப்பெண் இல்லை.

ஜிமிக்கி, மாட்டல், மூக்குக் கண்ணாடி இவற்றோடு, காதைச் சுற்றிப் போகும் வயர் எப்படிச் சிக்குகிறது என்பதும் சோதனையில் இல்லை. ஆனால் பெட்டிமேல் மட்டும் பெண் இருக்கிறாள். சீனாவின் மூன்டிராப் தன் ஹெட்செட் பெட்டிகளில் அனிமே பெண்களை வரைகிறது. டாங்ஸூ நிறுவனம் தன் விலை மலிந்த ஹெட்செட் ஒன்றுக்குத் தாங் அரசவைக் கவிஞர் ஷாங்குவான் வான்எரின் பெயரை வைத்திருக்கிறது. பேரரசி வூ செதியானுக்காக அரசாணைகளை எழுதிய பெண் அவர். பெயர் வைத்தது நல்லதுதான். படத்திலிருக்கும் பெண்ணின் காதுக்கு இது பொருந்துமா என்று மதிப்புரை எழுதுபவர்களும் ஒரு வரி கேட்கலாம்.

அவர்கள் கேட்கும்வரை நாமே சோதிக்கலாம். ஒரு கையால் காதுமடலை மேலும் பின்னும் இழுத்து, மறு கையால் ஹெட்செட்டை நுழையுங்கள். பேஸ் உள்ள பாட்டை ஓடவிட்டு மெல்ல உள்ளே அழுத்துங்கள். அழுத்தும்போது பேஸ் குபுக்கென்று கூடினால், அழுத்தாதபோது காற்று கசிகிறது என்று பொருள், ரப்பரை மாற்றுங்கள். இரண்டு காதுக்கும் வெவ்வேறு அளவு தேவைப்படலாம், எனக்கு அப்படித்தான். பிறகு அரை மணி நேரம் கழற்றாமல் இருங்கள். துளைக்குள் வலித்தால் ரப்பர் பெரியது. ஸ்பாஞ்சுபோல் அமுங்கும் ஃபோம் முனை உதவும். வெளிக்குழியில் வலித்தால் ஷெல் பெரியது. எந்த ரப்பரும் அதைத் தீர்க்காது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஒலிக்கு நான் மூன்றைக் கேட்பேன். 1953-இல் வந்த ‘ஔவையார்’ படத்தில் கே.பி. சுந்தராம்பாளின் குரல்: உச்சத்துக்குப் போகும்போது கம்பீரமாக இருக்க வேண்டும், காதைக் கிழித்தால் அந்த ஹெட்செட் மேல்ஒலியைத் தூக்கிவைத்திருக்கிறது. 1992-இல் வந்த ‘ரோஜா’வில் மின்மினி பாடிய ‘சின்னச் சின்ன ஆசை’: அடியில் ஓடும் பேஸ் கேட்க வேண்டும், அது மின்மினியின் குரலை மூடக் கூடாது. மூன்றாவது, அந்த பீடி அக்காவின் பேட்டி. இசைக்கு எத்தனை மதிப்பெண் வாங்கினாலும், ஒரு பெண் தாழ்ந்த குரலில் வேகமாகச் சொல்லும் சொல் விளங்காவிட்டால் அந்த ஹெட்செட் எனக்கு வேண்டாம்.

இப்போது நான் வைத்திருப்பது சிறிய ஷெல், மெல்லிய குழல், ஃபோம் முனை கொண்ட ஒரு சாதாரண வயர் ஹெட்செட். முன்பு வைத்த வால்யூமில் பாதிதான் வைக்கிறேன். அந்த ஒலிப்பதிவில் ‘வித்துட்டேன்’ இப்போது தெளிவாகக் கேட்கிறது. அதற்கு முன்னால் அவர் விடும் மூச்சும் கேட்கிறது.

செருப்புக் கடையில் யாரும் உங்கள் கால் சின்னது என்று சொல்லித் திருப்பி அனுப்புவதில்லை. அடுத்த பெட்டியை எடுத்துப் பிரிக்கிறார்கள். ஹெட்செட் கடையிலும் அந்த அடுத்த பெட்டியைக் கேட்போம்.