வளைவு பொருந்திவிட்டால் போதுமா? பெப்பிள் பெட் மாடல்கள் பற்றி ஒரு முணுமுணுப்பு

ஃப்யூஷன் உலை என்றாலே பிளாஸ்மாவைப் பற்றித்தான் பேசுகிறோம். எரிபொருள் எங்கிருந்து வரும் என்ற கேள்வி ஓரமாக நிற்கிறது. ட்ரிட்டியம் இயற்கையில் கிட்டத்தட்ட கிடையாது, அரை ஆயுளும் 12.3 வருஷம்தான். அதனால் உலையே அதைத் தயாரித்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு வழி, லித்தியம் ஆர்த்தோசிலிகேட்டையோ லித்தியம் டைட்டனேட்டையோ ஒரு மில்லிமீட்டர் அளவிலான உருண்டைகளாக்கி, எஃகுப் பெட்டிகளில் நிரப்பி, பிளாஸ்மாவைச் சுற்றி வைப்பது. நியூட்ரான் பட்டு லித்தியத்திலிருந்து ட்ரிட்டியம் பிறக்கும். இடுக்குகளில் ஓடும் ஹீலியம் அதை வெளியே கொண்டுவரும். இதுதான் பெப்பிள் பெட்.

சிக்கல் என்னவென்றால், இந்தக் குவியல் சூட்டில் விரிந்து சுவரை அழுத்தும், கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும், ஆறும்போது சுருங்கும். சுவரைவிட்டு விலகினால் வெப்பம் வெளியேறுவது குறையும், உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக்கூடும். ஒட்டினால் ட்ரிட்டியம் வெளிவருவதும் கெடும். ஆக, சுவரோரம் இடைவெளி விழுமா, எவ்வளவு விழும் என்பதைத்தான் மாடல் சொல்ல வேண்டும்.

படித்த கட்டுரைகளில் பாதி, குவியலை மண் மாதிரி ஒரே தொடர்ச்சியான பொருளாக எடுத்துக்கொள்கின்றன. உருளைக்குள் உருண்டைகளைக் கொட்டி மேலிருந்து அழுத்தும் சோதனையில் எண்களை எடுத்து, அதே சோதனையின் வளைவு பொருந்துகிறது என்று படம் போடுகிறார்கள். கேள்வித்தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு எழுதிய பரீட்சை இது. தவிர, 15 மி.மீ. தடிமனான அடுக்கில் 1 மி.மீ. உருண்டை குறுக்கே பதினைந்துதான். ஒரே அளவு உருண்டைகள் சுவரோரம் நாலைந்து வரிசை வரை ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும். இரண்டு பக்கமும் சேர்த்தால் பாதிக்கு மேல் சுவரின் ராஜ்ஜியம். இதில் எங்கே சராசரி எடுப்பது?

இன்னொரு கூட்டம் ஒவ்வொரு உருண்டையையும் தனித்தனியாகக் கணக்கிடுகிறது. 1979-ல் கண்டாலும் ஸ்ட்ராக்கும் வெளியிட்ட டிஸ்கிரீட் எலிமென்ட் முறை. எனக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் எந்த உருண்டைமேல் சுமை குவிகிறது, எது நொறுங்கலாம் என்பதை இது காட்டும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 63 சதவீத நிரப்பலில் ஒரு லிட்டருக்கு சுமார் 12 லட்சம் உருண்டை. ஒவ்வொரு கணக்கீட்டு அடியும் ஒரு மைக்ரோ நொடிக்கும் கீழே. ஐட்டரின் 400 நொடித் துடிப்பு ஒன்றுக்கே நாற்பது கோடி அடிகளுக்கு மேல். அதனால் உருண்டையை மென்மையாக்குகிறார்கள், அடர்த்தியை ஏற்றுகிறார்கள், சில ஆயிரம் உருண்டையோடு நிறுத்துகிறார்கள். தப்பில்லை. ஆனால் சூட்டில் மெதுவாக நடக்கும் அமுங்கல் அந்தக் குறுக்குவழியில் எங்கே போயிற்று என்று ஒரு பத்தியாவது எழுதலாமே.

குறை சொல்ல எனக்கும் முழுத் தகுதி கிடையாது. வார இறுதிகளில் நானே எழுதிய கோடில் வளைவு அழகாக வந்தது. அப்புறம்தான் உறைத்தது: உராய்வு எண்ணை அது வரும்வரை திருகியது நான்தான்.

இன்னொரு எரிச்சல். பெரிலியம் குவியலில் அழுத்தம் கூடினால் வெப்பக் கடத்தல் வெகுவாக ஏறும், ஏனென்றால் உலோகம் ஹீலியத்தைவிடப் பல நூறு மடங்கு நன்றாகக் கடத்தும். செராமிக்கில் அந்த வித்தியாசம் குறைவு, எனவே உள்ளே பாதிப்பும் குறைவு. இரண்டுக்கும் ஒரே முன்னுரையை ஒட்டிவிட்டு, செராமிக்கில் உண்மையில் முக்கியமான சுவர் இடைவெளியை ஒரு நிலையான எண்ணாக வைத்துவிடுவது என்ன நியாயம்?

குவியலுக்கு ஞாபகம் உண்டு. படியில் அரிசி அளக்கும்போது குலுக்கினால் இன்னொரு பிடி கொள்ளும், இல்லையா? எப்படி நிரப்பினோம், எத்தனை தடவை சூடேற்றினோம் என்பதெல்லாம் உள்ளே பதிந்திருக்கும். நூறாவது துடிப்புக்குப் பின் இடைவெளி எவ்வளவு என்று சோதனைக்கு முன்பே எழுதிவைத்து, பிறகு அளந்து காட்டும் கட்டுரை வந்தால் முதல் ஆளாகப் படிப்பேன்.

இப்போது அதே 5000 உருண்டைகளைப் பத்து விதமாக நிரப்பி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். உராய்வு எண்ணை இந்தத் தடவை தொடவில்லை. இதுவரை முடிந்த நாலு வளைவுகளும் ஒன்றின்மேல் ஒன்று விழவில்லை.