கூட்டு மருந்து: எவருக்கு, எந்த அளவில்?

முற்றிய புற்றுநோய்க்கு இலக்கு மருந்தையும் நோயெதிர்ப்பு சிகிச்சையையும் சேர்த்துத் தருவதன் பின்னுள்ள கணக்கு நியாயமானது. இலக்கு மருந்து, புற்றுச் செல் வளரத் தேவையான ஒரு புரதத்தை முடக்குகிறது. கட்டி விரைவில் சுருங்கும், ஆனால் நாளடைவில் செல் மாற்றுவழி தேடிக்கொள்ளும். நோயெதிர்ப்பு மருந்து, டி செல்களைக் கட்டிப்போட்டிருக்கும் தடையை நீக்குகிறது. பலன் சிலருக்கே கிடைத்தாலும் நீடிக்கும். 2020இல் வெளியான கல்லீரல் புற்றுநோய் ஆய்வில், நோயெதிர்ப்பு மருந்தான அட்டிசோலிசுமாபும் இலக்கு மருந்தான பெவாசிசுமாபும் சேர்த்துப் பெற்றவர்களில் ஓராண்டு உயிருடன் இருந்தோர் 67.2 சதவீதம், சொராஃபெனிப் மட்டும் பெற்றவர்களில் 54.6 சதவீதம். அதே கணக்கு நுரையீரல் புற்றுநோயில் பொய்த்தது. இலக்கு மருந்தான ஓசிமெர்டினிபுடன் நோயெதிர்ப்பு மருந்தான துர்வாலுமாபைச் சேர்த்த ஆய்வில் மூன்றில் ஒருவருக்கு மேல் நுரையீரல் அழற்சி வந்ததால், அந்தச் சேர்க்கை கைவிடப்பட்டது. ஆகவே சேர்ப்பது நல்லதா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்த ஜோடி, எந்த நோய்க்கு, எந்த அளவில் என்றே கேட்க வேண்டும்.

அளவு பற்றிய கேள்விக்கு இந்தியாவிலிருந்தே ஒரு விடை வந்தது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 151 பேருக்கு மெத்தோட்ரெக்ஸேட், செலிகாக்சிப், இலக்கு மருந்தான எர்லோடினிப் ஆகிய மூன்றும் தரப்பட்டன. ஏறக்குறைய பாதிப்பேருக்கு மட்டும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் நிவோலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து சேர்க்கப்பட்டது. வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு 240 மில்லிகிராம். ஆறு வாரக் கணக்கில் 720க்குப் பதில் 40. ஆனாலும் ஓராண்டு உயிர்வாழ்வு 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமாக உயர்ந்தது. கடும் பக்கவிளைவு கூடவில்லை.

ஏழைக்குக் குறைந்த அளவு, பணக்காரருக்கு முழு அளவு என்பது இரண்டாந்தர வைத்தியம் இல்லையா என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு: மும்பை ஆய்வு குறைந்த அளவை முழு அளவோடு ஒப்பிடவில்லை, ஒரே மருத்துவமனையில் நடந்தது. ஆனால் நிவோலுமாப் மிகக் குறைந்த அளவிலேயே டி செல்லின் ஏற்பிகளில் பெரும்பகுதியைப் பிடித்துவிடும் என்பதை அதன் தொடக்கநிலை ஆய்வுகளே காட்டின. அளவைக் கூட்டினால் பலனும் அதே விகிதத்தில் கூடும் என்பதற்கு ஆதாரமில்லை. மேலும், பெரும்பாலான இந்திய நோயாளிகளுக்கு முழு அளவு எட்டாக்கனி. அவர்கள் முன் இருப்பது குறைந்த அளவா, ஒன்றுமே இல்லையா என்ற தேர்வுதான்.

பெரம்பலூர் மாவட்டச் செட்டிகுளத்தில் சின்ன வெங்காயம் போட்டுப் பிழைக்கும் குடும்பத்துக்கு இந்தத் தேர்வு நேரடியானது. முதலமைச்சர் காப்பீட்டின் ஆண்டு வரம்பு 5 லட்சம் ரூபாய். முழு அளவு மருந்தை மாதக்கணக்கில் தாங்க அது போதாது. நிரூபணமான குறைந்த அளவுச் சேர்க்கையை அரசுக் காப்பீடு தயங்காமல் ஏற்க வேண்டும். கூடவே முழு அளவோடு ஒப்பிடும் ஆய்வுக்கும் அரசே பணம் தர வேண்டும். நோயெதிர்ப்பு மருந்தால் வரும் தைராய்டு, கல்லீரல், நுரையீரல் பாதிப்புகள் மாதங்கள் கழித்தும் தலைகாட்டும் என்பதால், அவற்றை அடையாளம் காணும் பயிற்சி பெரம்பலூர், அரியலூர் அரசு மருத்துவமனைகளுக்கும் வேண்டும். கண்காணிப்பு ஊருக்கு அருகில் இல்லாவிட்டால், மலிவாகக் கிடைத்த மருந்தும் ஆபத்தாகிவிடும்.