ஓடைச்செடி வீட்டுத் தொட்டிக்கு வரும் வழி

ஓடையில் பிடுங்கிய செடியைக் கண்ணாடித் தொட்டியில் நட்டால் ஒரே வாரத்தில் அது கூழாகிக் கரைவதை மீன் வளர்க்கும் பலரும் பார்த்திருப்பார்கள். இலங்கையில் இப்படிக் கரைவதற்குப் பேர் போனவை கிரிப்டோகொரைன் இனங்கள். வென்டி, பெக்கெட்டி, வாக்கரி, பார்வா என்று உலகெங்கும் தொட்டிகளை நிறைக்கும் செடிகளின் தாயகம் அந்தத் தீவுதான். பெரும்பாலும் மரநிழலில், ஆண்டு முழுவதும் வற்றாத ஓடைகளில் வாழ்ந்து பழகியவை அவை. நீரோ வெளிச்சமோ சட்டென்று மாறினால் இலைகளை உதிர்த்துவிடும். மண்ணுக்குள் கிழங்குத்தண்டு உயிரோடுதான் இருக்கும். செத்துவிட்டதென்று தோண்டி எறியாவிட்டால் சில வாரங்களில் புது நீருக்கேற்ற இலை முளைக்கும். அதனால் நடும்போதே பழைய இலைகளில் பெரும்பகுதியை நறுக்கி, வேரைக் குறுக்கி, நட்ட இடத்தை விட்டு அசைக்காமல் வைப்பதே சரியான முறை.

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கும் ஆறுகளிலும் கிரிப்டோகொரைன் உண்டு. ஆனால் ரெட்ரோஸ்பைராலிஸ் என்னும் அந்த இனத்தின் வாழ்க்கை வேறு. மழைக்காலத்தில் வெள்ளத்துக்கடியில் நாடா போன்ற இலைகளை நீட்டும். கோடையில் நீர் வடிந்ததும் மணலிலும் பாறை இடுக்கிலும் வெளியே நின்று பூக்கும். இங்கே எந்த மாதம் எடுத்தோம் என்பதுதான் முதல் கேள்வி. கோடைச் செடியின் இலை காற்றுக்குப் பழகியது. அதை நேராக ஆழத்தில் அமுக்கக் கூடாது. அகன்ற பாத்திரத்தில் ஈர மணலில் நட்டு, நீர்மட்டத்தைச் சிறுகச் சிறுக உயர்த்த வேண்டும்.

இதை வைத்து இலங்கை முறை ஒன்று, இந்திய முறை ஒன்று என்று பிரித்துவிட்டால் கொட்டி குறுக்கே வந்து நிற்கும். தமிழ்நாட்டுக் குளங்களில் வளரும் அதே கொட்டிக்கிழங்கு இலங்கையின் உலர்வலயக் குளங்களிலும் வளர்கிறது. குளம் காயும்போது கிழங்காக உறங்கி, மழையில் துளிர்ப்பது இரு கரையிலும் ஒன்றே. தொட்டியில் இலை நின்றுபோனால் கிழங்கை எடுத்து ஈர மணலில் சில வாரம் ஓய்வெடுக்க விட வேண்டும். கொட்டியின் பேரினத்தையே சேர்ந்த ரிஜிடிஃபோலியஸ் இலங்கை ஈரவலயத்துக்கே உரியது. கிழங்குக்குப் பதில் நீண்ட தண்டு அதற்கு, ஓய்வே கேட்காது. ஆக, செய்முறையைப் பிரிக்கும் கோடு பாக்கு நீரிணையில் இல்லை. வற்றும் நீருக்கும் வற்றாத நீருக்கும் நடுவில் இருக்கிறது.

தண்ணீரும் அப்படித்தான். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் கிணற்று நீரும் சென்னையின் பல ஆழ்துளைக் கிணறுகளின் நீரும் கடினமானவை. வென்டியும் பெக்கெட்டியும் அதைத் தாங்கும். மென்மையான நீரில் வளர்ந்த துவைட்டீசி என்னும் கிரிப்டோகொரைன் தாங்காது. அதற்கு மழைநீர் பிடித்துக் கலக்க வேண்டும்.

சுத்தம் செய்வதில் இரு நாட்டாருக்கும் வேறுபாடில்லை. அங்கே கொண்டிஸ் என்பதும் இங்கே பொட்டாசியம் பெர்மாங்கனேட் என்பதும் ஒன்றே: நீர் இளஞ்சிவப்பாகும் அளவு கரைத்துப் பத்து நிமிடம் முக்கினால் பாசியும் கிருமியும் குறையும். நத்தைக்குப் படிகாரம், லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி போட்டு இரண்டு மூன்று மணி நேரம் ஊறவிட்டு நன்றாக அலச வேண்டும். இலையடியில் கூழாக ஒட்டிய நத்தை முட்டை இதற்கும் தப்பும், விரலால் வழித்தெடுப்பதே நல்லது. பிறகு மீனில்லாத வாளியில் இரண்டு மூன்று வாரம். தும்பிப் புழு ஒன்று தப்பி உள்ளே போனாலும் மீன்குஞ்சுகளை வேட்டையாடும் என்பதால் இந்தக் காத்திருப்பைக் குறைக்கக் கூடாது. இச்செடிகளில் பல சேம்புக் குடும்பம்; சாறு பட்டால் அரிக்கலாம், கையுறை தேவை.

எங்கிருந்து எடுப்பது என்பதில் தயக்கத்துக்கு இடமில்லை. இலங்கையில் 1937-ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், இந்தியாவில் சரணாலயங்களுக்குள் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் குறுக்கே நிற்கின்றன. சட்டம் இல்லாவிட்டாலும், ஓரிரு ஓடைகளில் மட்டும் மிஞ்சியிருக்கும் இனத்தில் ஒரு தூரைப் பிடுங்குவதே பெரிய இழப்பு. பொதுக்குளத்துக் கொட்டியில் ஒரு கிழங்கு எடுப்பது வேறு. அரிய கிரிப்டோகொரைன்களைப் பண்ணையில் வளர்த்ததாகவே வாங்க வேண்டும். அவற்றிலும் பெரும்பாலானவை நீருக்கு வெளியே வளர்க்கப்பட்டவை என்பதால் வாங்கியவரின் தொட்டியிலும் இலை கரையத்தான் செய்யும். நறுக்கி நட்டு அசைக்காமல் காத்திருக்கும் முறை அவற்றுக்கும் பொருந்தும்.