அரை டிகிரி

டிரோன் படத்தில் இருபது டிகிரி சாய்ந்த கடலைப் பார்த்தால், எடுத்தவர் வேண்டுமென்றே சாய்த்திருக்கிறார் என்று கண் ஒப்புக்கொண்டுவிடும். அரை டிகிரி சாய்ந்த கடல்தான் படுத்தும். தப்பு எங்கே என்று சொல்லத் தெரியாது. தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்துவிடுமோ என்ற உறுத்தல் மட்டும் போகாது. 4,000 பிக்சல் அகலமுள்ள படத்தில் அரை டிகிரி என்பது இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் இடையே 35 பிக்சல் ஏற்ற இறக்கம். அதைக் கண்டுபிடித்து, படத்துக்கு நோகாமல் நிமிர்த்துகிறவர்களின் வேலையை உட்கார்ந்து பார்க்க எனக்குப் பிடிக்கும்.

டிரோனில் கேமராவைத் தாங்கும் கிம்பல், மூன்று அச்சுகளில் மோட்டார் வைத்து, டிரோன் எப்படிச் சாய்ந்தாலும் கேமராவை மட்டமாக நிறுத்தப் பார்க்கிறது. கீழ்த்திசை எது என்று அதற்குச் சொல்பவை முடுக்கமானியும் கைரோவும். வேகமாக வளைந்து திரும்பும்போது பக்கவாட்டு விசையும் புவியீர்ப்போடு சேர்ந்துகொள்ள, முடுக்கமானி கொஞ்சம் குழம்பிப்போகிறது. திருப்பம் முடிந்த பிறகும் தொடுவானம் சற்று நேரம் கோணலாகவே நிற்பது இதனால்தான். அனுபவமுள்ளவர் திரும்பியவுடன் பொத்தானை அழுத்தமாட்டார். கிம்பல் நிதானத்துக்கு வரட்டும் என்று காத்திருப்பார். சமதளத்தில் வைத்து ஆன் செய்வது, கிம்பலைக் காலிபரேட் செய்வது, செயலியில் ரோல் எனும் பக்கச் சாய்வின் அளவைச் சிறுகச் சிறுகத் திருத்துவது எல்லாம் செய்ய வேண்டியவைதான். ஆனால் ரசனைக்கு இடம் இருப்பது படம் கணினிக்கு வந்த பிறகு.

கடல் படத்தை யாரும் நிமிர்த்திவிடலாம், கோடு கண்ணுக்கெதிரே இருக்கிறது. முப்பந்தல் காற்றாலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று டிரோனை உலுக்குகிற இடம் அது. பின்னணியில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசி முகடுகள் சரிந்து இறங்குகின்றன. பிடித்துக்கொள்ளக் கடல்கோடு இல்லை. மென்பொருளின் ஆட்டோ பொத்தானை அழுத்தினால், மலைச்சரிவையே தொடுவானம் என்று நம்பி அதை மட்டமாக்கி, காற்றாலைகளைச் சாய்த்து வைத்தாலும் வைக்கும். தேர்ந்தவர் மலையை விட்டுவிட்டுத் தூண்களைப் பார்ப்பார். அதிலும் ஓரத்துத் தூண்களை நம்பமாட்டார். கேமரா குனிந்து பார்க்கும்போது இடப்பக்கத் தூணின் தலை இடப்புறமும், வலப்பக்கத் தூணின் தலை வலப்புறமும் விரியும். அது கோணம் செய்கிற வேலை, சாய்வு அல்ல. படத்தின் நட்டநடுவே நிற்கும் தூண் ஒன்றுதான் அவருக்குத் தூக்குக்குண்டு. அதை நிமிர்த்தியதும் மலை தன் சரிவோடு தானாகச் சரியான இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

ஏரிப் படம் இன்னும் பொல்லாதது. எதிர்க்கரை நமக்கு நேர்குறுக்காக ஓடாமல் விலகிச் சென்றால், தண்ணீர் மட்டமாகவே இருந்தாலும் அதன் விளிம்பு படத்தில் சரிவாகத்தான் விழும். அந்தக் கரையை நேராக்கினால் ஏரியே கவிழ்ந்துவிடும். காற்றில்லாத காலைப்பொழுது என்றால் ஓர் அழகான வழி உண்டு. நடுவில் ஒரு பனை இருந்தால் அதன் உச்சியையும் தண்ணீரில் தெரியும் பிம்பத்தின் உச்சியையும் ஒரு கோட்டால் சேர்க்க வேண்டும். அந்தக் கோடு செங்குத்தானால் படம் நிமிர்ந்துவிட்டது. பனை கோணல்மாணலாக வளர்ந்திருந்தாலும் கவலையில்லை. இதை முதலில் கண்டுகொண்டவர் யாரோ, அவருக்கு ஒரு வணக்கம்.

லென்ஸையும் மறக்கக் கூடாது. தொடுவானம் சட்டத்தின் நடுவே சென்றால் நேராக விழும். மேலேயோ கீழேயோ தள்ளினால் லென்ஸின் திரிபு அதை வில்லாக வளைக்கும். வளைந்த கோட்டை எந்தக் கோணத்தில் மட்டமாக்குவது? ஆகவே லென்ஸ் திருத்தம் முதலில், சுழற்றுவது பிறகு. இந்த வில்லைக் காட்டி ‘பூமியின் வளைவு’ என்று பெருமைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்தியாவில் பச்சை மண்டலத்தில் முன் அனுமதியின்றிப் பறக்கக்கூடிய உயரம் 120 மீட்டர். அங்கிருந்து கடல் தொடுவானம் ஏறக்குறைய 39 கிலோமீட்டர் தூரம். அந்த உயரத்தில் பூமியின் வளைவு கண்ணுக்குப் பிடிபடாது, வளைத்தது கண்ணாடிதான்.

எனக்குச் சாய்வின்மேல் பகை ஒன்றும் இல்லை. டிரோனின் கண்வழியே பார்த்து ஓட்டுகிற எஃப்பிவி வகையில் தொடுவானம் உருண்டு புரள்வதுதான் குதூகலமே. 1949-இல் ‘தி தேர்ட் மேன்’ படத்தில் கேரல் ரீட் வியன்னா நகரையே சாய்த்துக் காட்டினார்; பார்த்த இயக்குநர் வில்லியம் வைலர் அவருக்கு ஒரு ரசமட்டத்தை அனுப்பிவைத்தார் என்று சொல்வதுண்டு. கிண்டல் நல்ல கிண்டல், ஆனாலும் நான் ரீட் கட்சி.

நிமிர்த்துவதற்கு ஒரு விலையும் உண்டு. 4:3 சட்டத்தை ஒரு டிகிரி சுழற்றி, அதே அளவு விகிதத்தில் வெட்டினால் பரப்பில் 4 சதவீதத்துக்கு மேல் போகும்; இரண்டு டிகிரிக்கு ஏறக்குறைய 9 சதவீதம். மூலையில் ஒரு ஃபைபர் படகு இருந்தால் அதன் அணியம் போச்சு. போன மூலையை மென்பொருளை வைத்து நிரப்பிக்கொள்கிறார்கள். உற்றுப் பார்த்தால் ஒரே நுரை இரண்டு இடத்தில் பொங்கும். எனக்கு அது ஒவ்வாது. கடல்கோடு தெரியாத மீன்பிடித் துறைமுகப் படம் என்றால் படகைக் காப்பாற்றிவிட்டு, கால் டிகிரி கோணலை அப்படியே விட்டுவிடலாம், யார் கண்ணிலும் படாது. கோடு சட்டத்துக்குள் இருந்தால் படகு போகட்டும்.