எட்டு மில்லிமீட்டர் புல்லின் ராஜ்ஜியம்

நான்கு கிராண்ட்ஸ்லாம் போட்டிகளில் மெல்போர்னிலும் நியூயார்க்கிலும் கடினத் தளம், பாரிஸில் செம்மண். விம்பிள்டனில் மட்டும்தான் உயிருள்ள புல். ஆட்டம் நடக்க நடக்க அந்தப் புல் தேய்கிறது, காய்கிறது, குணம் மாறுகிறது. முதல் நாள் ஆடிய களம் கடைசி நாள் இருப்பதில்லை. அதனால்தான் அங்கே வரும் முடிவுகள் வேறெங்கும் வராத முடிவுகள். 2025 ஜூலையில் இதைக் கண்ணாரப் பார்த்துவிட்டேன். டென்னிஸ் பிடித்தவர்கள் யாராக இருந்தாலும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்ட வேண்டும் போலிருக்கிறது!

முதலில் உள்ளே போகும் வழியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுவே ஒரு திருவிழா. டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் சவுத்ஃபீல்ட்ஸ் நிலையத்தில் இறங்கிக் கூட்டத்தோடு நடந்தால் விம்பிள்டன் பார்க் வருகிறது. அங்கே புல்வெளியில் வரிசை. முந்தின இரவே கூடாரம் அடித்துப் படுத்தவர்கள், விடியற்காலையில் ஃபிளாஸ்க்கும் சாண்ட்விச்சுமாக வந்தவர்கள், தாத்தா பாட்டியோடு வந்த பேரப்பிள்ளைகள். ஆளுக்கொரு எண் போட்ட அட்டை கொடுக்கிறார்கள். முண்டியடிப்பவர் இல்லை, குறுக்கே நுழைபவர் இல்லை. உலகப் புகழ்பெற்ற டென்னிஸ் அரங்குக்கு அன்றைக்குக் காலையில் போய் நின்று டிக்கெட் வாங்கிவிடலாம் என்பதை நம்பவே முடியவில்லை. மைதானச் சீட்டு 2025-இல் 30 பவுண்டாக இருந்தது. அது இருந்தால் பெரிய அரங்குகளைத் தவிர மற்ற கோர்ட்டுகளில் இடம் கிடைத்த இடத்தில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பார்க்கலாம்.

நான் போனது முதல் வாரச் செவ்வாய்க்கிழமை. லண்டனில் வெயில் 30 டிகிரியைத் தாண்டிக் கொளுத்தியது. தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொண்டு வெளிக் கோர்ட் ஒன்றில் பேஸ்லைன் பக்கம் முதல் வரிசையில் இடம் பிடித்தேன். அடடா, தொலைக்காட்சி எவ்வளவு மறைத்துவிடுகிறது! பந்து புல்லில் பட்டு அதிகம் எழும்புவதில்லை, வழுக்கிக்கொண்டு போகிறது. ஒரு வீராங்கனை பேக்ஹேண்ட் ஸ்லைஸ் ஒன்றை வெட்டிவிட்டார். பந்து எதிராளியின் கணுக்கால் உயரத்துக்கு மேல் வரவே இல்லை. முழங்கால் தரையைத் தொடும் அளவுக்குக் குனிந்துதான் அதை எடுக்க முடிந்தது. எழுந்தபோது வெள்ளைக் காலுறையில் பச்சைக் கறை. பந்து விழும் சத்தமும் தனி. கடினத் தளத்தில் கேட்கும் அறை போன்ற ஓசை இல்லை, அமுங்கிய ஒரு ‘தொப்’. ஷூவின் அடியில் சிறு சிறு குமிழ்கள் இருந்தும் திரும்பும்போது கால் சறுக்குகிறது. அதனால் அடியைச் சின்னச் சின்னதாக வைத்து, உடம்பைத் தாழ்த்தி, ஒவ்வொரு பந்துக்கும் புதிதாக யோசிக்கிறார்கள்.

அந்தப் புல்லைப் பராமரிப்பது ஒரு தவம். எட்டு மில்லிமீட்டர் உயரம், அவ்வளவுதான். போட்டி நடக்கும்போது தினமும் வெட்டுகிறார்கள், கோடுகளைத் தினமும் புதிதாக இடுகிறார்கள். 2001-லிருந்து முழுக்க முழுக்க ரைகிராஸ் மட்டுமே விதைக்கிறார்கள். அதற்கு முன் கால் பங்குக்கும் மேல் ஃபெஸ்க்யூ என்ற இன்னொரு புல்லும் கலந்திருந்தது. ரைகிராஸ் அதிகம் தாங்கும், அடியில் மண்ணும் கெட்டியாக நிற்கும். பந்து முன்பைவிடச் சீராக எழும்புவதற்கு இதை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். முதல் வாரத்தில் புல்லில் ஈரப்பசை இருப்பதால் வழுக்கும். இரண்டாம் வாரத்தில் பேஸ்லைன் ஓரம் தேய்ந்து பழுப்பு மண் தெரியும், கால் பிடிக்கும். ஆக, முதல் மூன்று நான்கு நாட்களைத் தாண்டுவதே பெரும்பாடு.

2025-இல் அந்தப் பாடு எவ்வளவு பெரியது என்று பாருங்கள். நான் போன அன்றைக்கே தரவரிசையில் மூன்றாம் இடத்தில் இருந்த ஜெசிகா பெகுலா ஒரு மணி நேரத்துக்குள் எலிசபெட்டா கொச்சியரெட்டோவிடம் தோற்றார். ஆண்களில் மூன்றாம் இடத்தில் இருந்த ஸ்வெரேவ், ஆர்தர் ரிண்டர்க்னெக்கிடம் ஐந்து செட்டில் விழுந்தார். மாலையில் நம்பர் 1 கோர்ட்டின் சுவரைத் தாண்டி வந்த ஆரவாரம் இன்னும் காதில் இருக்கிறது. சில வாரங்களுக்கு முன்தான் பாரிஸில் பட்டம் வென்ற கோகோ காஃபை டயானா யாஸ்ட்ரெம்ஸ்கா 7-6, 6-1 என வெளியே அனுப்பியிருந்தார். ஆண்கள், பெண்கள் இரண்டிலும் சேர்த்து முதல் சுற்றிலேயே தரநிலை (சீட்) பெற்ற 23 பேர் காலி! செம்மண்ணில் கற்ற வித்தையை மூட்டை கட்டி வைத்துவிட்டு மூன்றே வாரத்தில் புல்லைக் கற்றுக்கொள்ளச் சொல்கிறது டென்னிஸ் காலண்டர். கற்றவர் பிழைக்கிறார்.

அப்படிக் கற்றவர்களில் என்னைத் திக்குமுக்காட வைத்தவர் இகா ஸ்வியாடெக். பாரிஸ் செம்மண்ணில் நான்கு பட்டம் வென்றவர், விம்பிள்டனில் அதுவரை காலிறுதியைத் தாண்டியதே இல்லை. ஒரு வருஷத்துக்கும் மேலாக எந்தப் பட்டமும் இல்லை. போட்டிக்கு முந்தின வாரம் ஜெர்மனியின் பாட் ஹோம்பர்க் புல் தரை இறுதியில் அவரைத் தோற்கடித்தவர் அதே பெகுலாதான். வென்ற பெகுலா முதல் சுற்றில் வெளியேற, தோற்ற ஸ்வியாடெக் இரண்டு வாரத்தில் கோப்பையைத் தூக்கினார். இதைவிட அழகாகப் புல்லின் குணத்தை யாரால் சொல்ல முடியும்? அரையிறுதியில் பென்சிச்சை 6-2, 6-0. இறுதியில் அமாண்டா அனிசிமோவாவை 6-0, 6-0. ஐம்பத்தேழே நிமிடம். விம்பிள்டன் பெண்கள் இறுதியில் இப்படி ஒரு ஸ்கோர் 1911-க்குப் பிறகு வந்ததில்லை. ரிட்டர்ன் அடிக்க அவர் ஒரு எட்டு முன்னால் வந்து, பந்து எழும்பும்போதே வாங்கி மூலைக்கு அனுப்பிய துல்லியம் இருக்கிறதே, அதை எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும் அலுக்கவில்லை.

அனிசிமோவாவையும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. மனச்சோர்வால் 2023-இல் டென்னிஸிலிருந்து விலகி இருந்தவர், 2024-இல் விம்பிள்டன் தகுதிச் சுற்றில் தோற்றவர், இந்த முறை அரையிறுதியில் முதல் இடத்து சபலென்காவை வீழ்த்தி இறுதிக்கு வந்தார். ஒரு கேம்கூட எடுக்க முடியாமல் தோற்ற பிறகும் மைக்கைப் பிடித்துக் கண்ணீரோடு அம்மாவுக்கு நன்றி சொன்னார். அரங்கம் அவருக்காக எழுப்பிய கைதட்டல், ஜெயித்தவருக்குக் கிடைத்ததற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

ஞாயிறன்று ஆண்கள் இறுதிக்கு மறுபடியும் போனேன். நம்பர் 1 கோர்ட்டுக்குப் பக்கத்துக் குன்றில், பெரிய திரைக்கு எதிரே, ஸ்ட்ராபெர்ரியும் கிரீமும் கையில் வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்களோடு உட்கார்ந்திருந்தேன். ஐந்து வாரத்துக்கு முன் பாரிஸில் மூன்று மேட்ச் பாயிண்ட் கையில் இருந்தும் ஐந்தரை மணி நேரம் போராடி அல்கராஸிடம் தோற்றவர் சின்னர். இங்கே நான்காம் சுற்றில் டிமிட்ரோவுக்கு எதிராக இரண்டு செட் பின்தங்கி, எதிராளி காயத்தால் விலகியதால் தப்பியவர். அதே அல்கராஸுக்கு எதிரான இறுதியிலும் முதல் செட்டில் 4-2 என்று முன்னிலையில் இருந்து நான்கு கேம்களைத் தொடர்ச்சியாக விட்டார். ‘மறுபடியும் பாரிஸா’ என்று குன்றே பெருமூச்சு விட்டது. ஆனால் அந்த மனுஷன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அடுத்த மூன்று செட்டும் 6-4, 6-4, 6-4. நான்காவது செட்டில் 4-3 என இருக்கும்போது அவருடைய சர்வில் 15-40. எங்கள் வரிசையில் யாரும் மூச்சே விடவில்லை. இரண்டு பிரேக் பாயிண்டையும் காப்பாற்றினார். கடைசிப் பந்து முடிந்ததும் குன்று முழுக்க எழுந்து நின்றது. விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் இத்தாலியர்!

இந்தப் புல்லுக்கும் நம்ம சென்னைக்கும் உள்ள உறவை நினைக்காமல் அங்கே நடக்க முடியாது. ராமநாதன் கிருஷ்ணன் 1954-இல் சிறுவர் பட்டம் வென்றார். 1960, 1961 இரண்டு ஆண்டும் அரையிறுதிக்கு வந்தார். அவரைத் தோற்கடித்த நீல் ஃபிரேசரும் ராட் லேவரும் அந்தந்த ஆண்டின் சாம்பியன்கள். 1973 காலிறுதியில் விஜய் அமிர்தராஜை ஐந்தாவது செட்டில் 7-5 என வென்ற யான் கோடெஷ்தான் அந்த ஆண்டுக் கோப்பையையும் வென்றார். கிருஷ்ணனின் மகன் ரமேஷ் 1979-இல் சிறுவர் சாம்பியன், 1986-இல் காலிறுதி. அசுர பலத்தால் அல்ல, பந்தைத் தொடும் நயத்தாலும் கோணம் பார்க்கும் புத்தியாலும் வந்த வெற்றிகள் இவை. வெளிக் கோர்ட்டில் அந்த ஸ்லைஸ் கணுக்காலுக்குக் கீழே வழுக்கிப் போனதைப் பார்த்தபோது, இவர்களுடைய ஆட்டம் ஏன் இங்கே இவ்வளவு எடுபட்டது என்று உடம்பே உணர்ந்தது.

ஆகவே சொல்கிறேன், போவதென்றால் முதல் வாரத்தில் போங்கள். சென்டர் கோர்ட் டிக்கெட் கிடைக்கவில்லையே என்று ஏங்க வேண்டாம். மைதானச் சீட்டோடு வெளிக் கோர்ட்டில் பேஸ்லைன் மூலையில் உட்காருங்கள். தரவரிசையின் பெரிய பெயர்கள் சறுக்கும் நாட்கள் அவை, பெயர் தெரியாதவர்கள் நாயகர்களாகும் நாட்களும் அவையே. அப்புறம் வரும் எந்த இறுதி ஆட்டத்தையும் தொலைக்காட்சியில் பார்த்தாலும், அந்தப் பந்து ஏன் அவ்வளவு தாழ்வாக வந்தது, அந்தக் கால் ஏன் சறுக்கியது என்பது உங்களுக்குத் தானாகவே புரியும். அதற்கப்புறம் நீங்கள் டென்னிஸ் பார்க்கும் விதமே மாறிவிடும். எனக்கு மாறிவிட்டது!